எண் பெருத்தால்

நூலில் எண் பெருத்தால் இழை சிறுக்கும்.
இருபது முரடு.
முப்பத்துநாலு பனியனுக்கு.
அறுபதாம் நம்பர், பக்கத்தில் தும்மக் கூடாது.
கோனிலிருந்து ஒரு முழம் உருவி
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே உருட்டி
எண் சொல்வது என் வேலை. பதினாறு வருசம்.
நாச்சிமுத்து குடோனில் தராசு முனகுவதற்குள்
என் ஒரட்டாங்கை சொல்லிவிடும்.

அந்தப் பழக்கத்தில்தான்
காந்திபுரத்துக் கடையில் போய்க் கேட்டேன்:
விரல் நோகாம, மெல்லிசா,
இருக்கறதுலயே பெரிய நம்பராக் குடுங்க.
கடைப்பையன் ஒரு நிமிசம் என்னைப் பார்த்தான்.
பதிமூணுதானுங்க பெருசு, என்றான்.
அதையே குடுங்க, என்றேன்.

கிட்டார் என்னுடையதல்ல.
ரெண்டு மாச வாடகைக்கு ஈடாக
நெய்சோ விட்டுவிட்டு ரயிலேறியது.
கோகிமா போய்ச் சேர்ந்து கூப்பிட்டான்:
அக்கா, சும்மா வெக்காதே, வாசி.
பழைய கம்பி ஆறும் துருப்பிடித்து
மழைக்கு நனைந்த கொடிக்கம்பியாகக் கிடந்தன.

புதுசு சைக்கிள் பிரேக் கம்பி.
அழுத்தினால் கம்பி இறங்கவில்லை, விரல் இறங்கியது.
நாலாம் நாள் ஆள்காட்டி நுனியில் ஒரு வாய்க்கால்,
எட்டாம் நாள் தோல் தடித்து
பருப்புத் தொலி மாதிரி உரிந்தது.

குடோனில் முப்பத்துநாலை இருபத்தெட்டு என்றேன்.
தராசு முப்பத்துநாலு என்றது.
நாச்சிமுத்து தராசைத்தான் தட்டிப் பார்த்தார்.
மயிலாத்தா மட்டும் என் கையைப் பார்த்தாள்.

நெய்சோ சிரித்த சிரிப்புக்கு
அங்கே மலையில் யாரோ எழுந்திருப்பார்கள்.
அக்கா, கம்பிக்கு நம்பர் உல்டா!

உல்டாதான்.
கம்பியில் எண் பெருத்தால் கம்பி பெருக்கும்.
இந்த உலகத்தில் எதை எந்தப் பக்கமிருந்து எண்ணுவது என்று
யாராவது ஒரு பலகையாவது மாட்டியிருக்கலாம்.

மறுபடி காந்திபுரம், மறுபடி அதே பையன்.
பத்து, பதினொண்ணு, பன்னெண்டு,
அனுப்பர்பாளையத்துக் குடம் போல மின்னும் வெண்கலச் சுற்று,
வியர்வை ஏறாத பூச்சு போட்டது,
எல்லாவற்றையும் கண்ணாடிமேல் பரப்பினான்.
தொட்டுப் பாக்கோணும், என்றேன்.
பிரிச்சா எடுத்துக்கோணுங்க, என்றான்.

கடைசியாக ஒன்று:
நடுவே எஃகு, அதைச் சுற்றிப் பட்டு,
பட்டின்மேல் வெள்ளி பூசிய செம்பு.
எனக்குத் தெரிந்த இழை இது!
லைக்ராவை உள்ளே ஒளித்துப்
பஞ்சைச் சுற்றுகிற அதே வித்தை.
சத்தம் கொஞ்சம் மட்டுங்க, என்றான்.
பரவாயில்லை, பக்கத்து வீட்டில் நைட் ஷிப்டுக்காரர்
பகலில் தூங்குவார்.

அப்புறம் பையன் குரலை இறக்கிச் சொன்னான்:
ஆனா கடைசி ரெண்டும் வெறும் எஃகுதானுங்க.
எந்தப் பாக்கெட் எடுத்தாலும்.
தெரியும், தம்பி.
மெல்லிசுதான் அறுக்கும்.
அறுபதாம் நம்பர் என் விரலைக் கிழித்த கதை
உனக்குச் சொல்ல பஸ்ஸுக்கு நேரமில்லை.

அரை சுருதி இறக்கிக் கட்டினேன்.
கம்பி தளர்ந்ததில் கொஞ்சம் கொரகொரக்கிறது,
எண்ணெய் போடாத ஓவர்லாக் மாதிரி.
போகட்டும்.

ஈ மைனர் பிடிக்கக் கற்றிருக்கிறேன்.
நடுவிரலும் மோதிர விரலும் போதும்,
ரெண்டும் பட்டுக் கம்பியின் மேலேயே விழுகின்றன.
எஃகு ரெண்டும் தொடாமலே ஒலிக்கின்றன.
ஆள்காட்டி எதையும் தொடாமல்
காற்றில் மடங்கி நிற்கிறது,
நாளைக் காலை ஏழரைக்கு
நாப்பதாம் நம்பர் லோடு வருவதால்.

இன்று ராத்திரி நெய்சோவைக் கேட்க வேண்டும்,
ஆள்காட்டி இல்லாமல்
வேறென்ன வாசிக்கலாம் என்று.